எட்ட இருந்து கவனித்தவர்

எம்.ஃபில். பட்டத்துக்காக நான் எழுதிய ஆய்வேட்டின் தலைப்பைச் சொன்னால் உங்களுக்குக் கொட்டாவி வரும். ‘சிறுநகரப் பொது இடமும் ஆண்களின் மாலைநேரப் பயன்பாடும்.’ பயன்பாடு என்ற அந்தச் சொல்லுக்குப் பின்னால் பதினான்கு ஆண்களை ஒளித்து வைத்திருந்தேன். ஒளித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் சரி. 1986-இல் எனக்கு இருபத்தாறு வயது. தருமபுரிக்குப் பக்கத்தில் கொஞ்சம் மானாவாரி நிலம் வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். பிலவேந்திரன் என்ற பெயருக்கு முன்னால் பேராசிரியர் என்று சேர்த்து நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்த்துக்கொள்வேன். தலைக்கனம் அவ்வளவு இருந்தது.

சென்னையில் எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் ஒருநாள் ஓர் ஆங்கிலக் கட்டுரையை என் முன்னால் தள்ளினார். வெளிநாட்டு நகரங்களில் ஆண்கள் ஆண்களைத் தேடிப் போகும் பூங்காக்கள், ரயில் நிலையங்கள், கழிப்பறைகள் பற்றிய கட்டுரை. எங்கே நிற்கிறார்கள், யாரை எப்படிப் பார்க்கிறார்கள், பேச்சை எப்படித் தொடங்குகிறார்கள் என்று வரைபடம் போட்டு விளக்கியிருந்தார்கள்.

“நம்ம பக்கம் இதையெல்லாம் யாரும் தொட்டதில்லை. இருக்குமான்னே தெரியலை” என்றார் பேராசிரியர்.

“இருக்கு சார்” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“கேள்விப்பட்டிருக்கேன் சார்.”

இந்த ஆய்வின் முதல் பொய் அதுதான். கேள்விப்பட்டு எனக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு வருடமாக ஊருக்கு வரும்போதெல்லாம் நான் அங்கே போய்க்கொண்டிருந்தேன்.

அந்த இடம் தருமபுரியில் ஒரு வாரச்சந்தைத் திடல். சந்தை கூடாத நாட்களில் அது யாருக்கும் வேண்டாத இடம். காலையில் மாடு மேயும், மத்தியானம் பெண்கள் புளி காயப்போடுவார்கள். ஐந்து மணிக்கு மேல் காலியான கல் மேடைகளில் ஆண்கள் ஒவ்வொருவராக வந்து தனித்தனியாக உட்காருவார்கள். பஸ் நிலையம் பக்கத்திலேயே இருந்ததால் யார் கேட்டாலும் பஸ்ஸுக்குக் காத்திருப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம். பேச்சைத் தொடங்குவதும் பஸ்ஸை வைத்துத்தான். “எந்த பஸ்ஸுக்குங்க?” என்று கேட்க வேண்டும். இனிமேல் வரப்போகிற பஸ்ஸைச் சொன்னால், அந்த ஆள் நிஜமாகவே பஸ்ஸுக்கு உட்கார்ந்திருக்கிறார் என்று எழுந்து போய்விட வேண்டும். ஏற்கெனவே போய்விட்ட பஸ்ஸைச் சொன்னால் பக்கத்தில் உட்காரலாம். திடலுக்குப் பின்னால் புளியந்தோப்பு இருந்தது. அதற்கு மேல் இங்கே விவரிக்கப் போவதில்லை. ஆய்வேட்டில் விவரித்துக் கிழித்ததே போதும்.

மாதப்பனை நான் அங்கேதான் பார்த்தேன். எந்த பஸ்ஸுக்கு என்று கேட்டேன். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, “காலைல ஒம்பதரை பஸ்ஸுக்குங்க” என்றான். இவ்வளவு பச்சையாக யாரும் சொல்லமாட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான்.

மாரண்டஹள்ளியில் ஒரு காய்கறி மண்டியில் தக்காளி எடைபோடுகிறவன் அவன். என்னைவிட எட்டு வயது மூத்தவன். மனைவி இருந்தாள், ஒரு மகள் இருந்தாள். வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள் என்பதால் சும்மா என்ற சொல் அவன் வாயில் வராது, சும்னேதான் வரும். “சும்னே குந்துங்க வாத்தியாரே” என்பான். கையில் எப்போதும் புத்தகம் வைத்திருந்ததால் முதல் நாளே எனக்கு அந்தப் பெயர் வைத்துவிட்டான். எத்தனை முறை கழுவினாலும் அவன் விரல்களில் தக்காளிக் காம்பின் வாசம் போகாது. நான் அவனை நேசித்தேன். இந்த ஒரு வாக்கியத்தை எழுத எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

ஆய்வைப் பற்றிச் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“எங்களப் பத்தி எழுதுனா ஒனக்குப் பட்டம் குடுப்பாங்களா? அப்ப எங்களுக்கு என்னா குடுப்பாங்க, லத்தியா?”

ஆனால் அவன் இல்லாவிட்டால் ஆய்வே இல்லை. நோட்டுப் புத்தகத்தோடு நான் போய் நின்றால் யார் வாய் திறப்பார்கள்? மாதப்பன்தான் ஒவ்வொருவரிடமும் என்னைக் கூட்டிப் போனான். “நம்ம ஆளுதாங்க. பயப்படாம பேசுங்க. எழுதிக்கும், யாருகிட்டயும் சொல்லிக்காது” என்று எனக்கு ஜாமீன் நின்றான். தாலுகா ஆபீஸ் பியூன் முதல் லாரி டிரைவர்வரை பதின்மூன்று பேர் அவன் முகத்துக்காக என்னிடம் பேசினார்கள். பதினான்காவது அவன். எண் கொடுக்கும்போது அவனுக்கு ஐந்து விழுந்தது.

ஏன் இங்கே வருகிறாய் என்று அவனிடமும் முறைப்படி கேட்டேன். கேள்வித்தாளில் இருந்ததே!

“வூட்டுல எட்டுப் பேரு. மண்டியில நூறு பேரு. தனியா இருக்கணும்னா நாலு பேரு வந்து போற எடத்துக்குத்தான் வர வேண்டியிருக்குது வாத்தியாரே. எழுதிக்க” என்றான்.

எழுதிக்கொண்டேன். ‘தனியறை அற்றவர்களுக்குப் பொது இடமே தனியறை ஆகிறது’ என்று திருத்தி, என்னுடைய முடிவாக நான்காம் இயலில் சேர்த்தேன்.

அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “பேரு மட்டும் வரக்கூடாது. எனக்குன்னு சொல்லலை. யாரு பேருமே.” சத்தியம் செய்து கொடுத்தேன். அந்தச் சத்தியத்தை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றவும் செய்தேன். ஆய்வேட்டில் ஒரு பெயர்கூட இல்லை. இருந்தது இதுதான்:

‘எண் 5. வயது சுமார் 34. காய்கறி மண்டியில் எடைபோடுபவர். திங்கள், வியாழன் ஆகிய நாட்களில் மாரண்டஹள்ளியிலிருந்து வரும் 4.40 பஸ்ஸில் வந்து 7.15 பஸ்ஸில் திரும்புவார். மணமானவர். ஒரு மகள்.’

சென்னையில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு இது யாரோ ஒருவர். எங்கள் மாவட்டத்தில் அப்படி இல்லை. அங்கே பாதிப் பேருக்கு ஒருவரையொருவர் பெயரால் தெரியாது, பஸ்ஸால் தெரியும். ஏழரை பஸ் டீச்சர் என்பார்கள், பாலக்கோடு கடைசி பஸ் கம்பவுண்டர் என்பார்கள். தினமும் அதே பஸ், அதே சீட்டு, அதே முகங்கள். அந்த மண்ணில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாமல் இல்லை. பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்று நகரத்துப் புத்தகத்தில் படித்ததை நம்பினேன். துல்லியமாக நேரம் போட்டதைப் பேராசிரியர் பாராட்டினார் வேறு.

இன்னொரு பெருமையும் என் தலையில் இருந்தது. ஆய்வேட்டைத் தமிழில் எழுத அனுமதி வாங்கியிருந்தேன். தருமபுரியிலேயே தமிழ் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த குப்புராஜிடம் தட்டக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அவன் எழுத்தைப் பார்த்துத் தட்டிவிட்டுப் போயிருப்பான். தமிழில் இருந்ததால் வாசித்தான். அதுவும் ஆவலோடு வாசித்தான். ஏனென்றால் குப்புராஜ் வேலை முடிந்து தினமும் ஊர் திரும்புவது மாரண்டஹள்ளி 7.15 பஸ்ஸில்தான்.

1987 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை காலையில் மாதப்பன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். அதுவரை அவன் என் வீட்டுக்கு வந்ததே இல்லை. அம்மா, மதலேனம்மாள், அப்போதுதான் களத்தில் கேழ்வரகு தூற்றிவிட்டுத் தலையெல்லாம் உமியோடு வந்திருந்தார். யார் எவர் என்று கேட்கவில்லை. வந்தவருக்குக் களி உருண்டையும் கீரைக் குழம்பும் வைத்தார். மாதப்பன் சாப்பிட்டு முடித்தான். பிறகு கிணற்றுப் பக்கம் போனோம்.

வியாழக்கிழமை திரும்பிப் போகும்போது பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, “அஞ்சாம் நெம்பருக்கு ஒரு மாரண்டஹள்ளி” என்றாராம். பஸ்ஸே சிரித்ததாம். இவனுக்குப் புரியவில்லை. யாரோ ஜோக் அடித்திருக்கிறார்கள் என்று நினைத்து இவனும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறான். அதைச் சொல்லும்போதுதான் அவன் குரல் உடைந்தது. ஒரு பையன் அவன் மடியில் கார்பன் நகல் தாள் ஒன்றைப் போட்டிருக்கிறான். குப்புராஜ் பிழை விழுந்ததென்று கழித்துப்போட்ட தாள். வெள்ளிக்கிழமைக்குள் அந்தச் செய்தி மண்டிக்கும், மனைவியின் அண்ணன் பச்சியப்பனுக்கும் போய்விட்டது.

மாதப்பன் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தான். விரல் வைத்து மெதுவாக வாசித்தான். என்னைத் திட்டத்தான் வாசிக்கிறான் என்று நினைத்தேன். அவன் தேடியது வேறு.

“எல்லாத்தையும் எழுதியிருக்கற. நான் வர்ற பஸ்ஸு, போற பஸ்ஸு, எம்புள்ள. இதுல நீ எங்க இருக்கற?”

தாளின் அடிப்பக்கத்துக்கு விரலை நகர்த்தினான்.

“இந்தா, இங்க ஒண்ணு போட்டிருக்கற. ‘ஆய்வாளர் எட்ட இருந்து கவனித்தார்.’” தாளிலிருந்து தலையைத் தூக்கினான். “எட்டயா குந்தியிருந்த நீ?”

நான் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன்.

அவன் அழவில்லை, கத்தவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தான். நாளை ஞாயிற்றுக்கிழமை, மண்டி லீவு. காலை பத்து மணிக்கு மண்டி வாசலில் பச்சியப்பன் ஊர்க்காரர்களைக் கூட்டுகிறார். தங்கையை இவனிடம் விட்டுவைப்பதா, கூட்டிப் போவதா என்று அங்கே முடிவு செய்வார்கள்.

“நீ வந்து ஒரு வார்த்தை சொல்லிடு. இதெல்லாம் பரீட்சைக்காக நானா ஜோடிச்சு எழுதுனது, இந்த ஆளுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு. படிச்ச புள்ள சொன்னா கேட்டுக்குவாங்க. வேற எதுவும் வேணாம். ஒம்பேரும் வராது, எம்பேரும் வராது.”

“வர்றேன்” என்றேன். சொல்லும்போது போவதாகத்தான் நினைத்தேன். அதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும்.

“கண்டிப்பா?”

“கண்டிப்பா.”

என் தோளில் கை வைத்தான். பட்டப்பகலில், எங்கள் நிலத்தில், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி அவன் என்னைத் தொட்டது அந்த ஒருமுறைதான். நான் சுற்றும்முற்றும் பார்த்தேன். அவன் அதைக் கவனித்தான். கையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பஸ் நிலையத்தில் இருந்தேன். கையில் ஆய்வேட்டுக் கட்டு இருந்தது. திங்கட்கிழமை சென்னையில் ஒப்படைக்கக் கடைசி நாள். மாரண்டஹள்ளிக்குப் போய்ச் சொல்லிவிட்டு மத்தியானம் கிளம்பினாலும் திங்கள் காலையில் சென்னையில் இறங்கிவிடலாம். நேரம் இருந்தது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நின்றுகொண்டே யோசித்தேன். ஜோடித்து எழுதியது என்று நூறு பேர் முன்னால் சொன்னால், அது குப்புராஜ் வாய்வழியே பல்கலைக்கழகம்வரை போகாதா? பொய்த் தரவு என்று பட்டத்தை நிறுத்திவிடமாட்டார்களா? நான் சொல்லி முடித்ததும் யாராவது ஒருவன், ‘இதையெல்லாம் ஜோடிக்க உனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்டால்? பச்சியப்பன் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டால்? அம்மா அதற்குப் பிறகு எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவார்? இப்படி ஒவ்வொன்றாக அடுக்கி, கடைசியில் மிக உயர்ந்த காரணம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஆய்வாளன் பொய் சொல்லக்கூடாது. உண்மைக்காகத்தானே இத்தனை பாடுபட்டேன், அந்த உண்மையை நானே எப்படி மறுப்பேன் என்று எனக்கு நானே பிரசங்கம் செய்துகொண்டேன். எட்ட இருந்து கவனித்ததாக எழுதியவன் செய்த பிரசங்கம் அது.

மாரண்டஹள்ளி பஸ் புறப்பட்டுப் போனது. நான் சென்னைக்குப் போவதற்காகச் சேலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் மணி பார்த்தேன். பத்தாக இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஆய்வேட்டுக் கட்டை மடியில் சரியாக வைத்துக்கொண்டேன்.

வாய்மொழித் தேர்வு செப்டம்பரில் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நான்காம் இயலைத் திறந்து, தனியறை அற்றவர்களைப் பற்றிய வாக்கியத்தை உரக்க வாசித்தார். “இந்த ஒரு வரிக்கே பட்டம் கொடுக்கலாம்” என்றார். என் பேராசிரியர் பூரித்துப் போனார். ஆய்வாளர் எந்த இடத்திலும் உணர்ச்சிவசப்படாமல் விலகி நின்றிருக்கிறார், நம் மாணவர்களிடம் இது அரிது என்றும் சொன்னார்கள். கடைசியில் தேர்வாளர் ஒரு கேள்வி கேட்டார்.

“இந்தப் பதினாலு பேர்ல யாருக்காவது உங்க ஆய்வால பாதிப்பு உண்டா?”

“இல்லை சார். யார் பெயரும் போடலை” என்றேன்.

ஒரு மாதம் கழித்து, அரசுக் கல்லூரியில் வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, ஒருநாள் காலையில் மாரண்டஹள்ளிக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மண்டியில் மாதப்பன் பெயரைச் சொன்னதும் தராசுக்காரன் வாயைச் சுழித்தான். “அந்த ஆளு தொட்டு எடைபோட்டா வேணாம்னுட்டாங்க யாவாரிங்க. போய் ஏழெட்டு மாசமாவுது. எங்கன்னு தெரியாது. சம்சாரம் அண்ணங்காரன் தோட்டத்துல கீது, போய்க் கேளுங்க” என்றான்.

மாதப்பனின் மனைவி சென்னம்மாள் தக்காளி பறித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். தருமபுரியில் மாதப்பனைப் பழக்கம் என்று மட்டும் சொன்னேன். வரப்பில் உட்காரச் சொல்லிச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அண்ணன் இல்லாத நேரம் என்பதால் பேசினாள். பேச ஆள் கிடைக்காமல் இருந்தவள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“பெங்களூரு மார்க்கெட்டுல மூட்டை தூக்கறாருன்னு ஒருத்தர் சொன்னாருங்க. எங்கண்ணனுக்குத் தெரியாம நானும் புள்ளையும் போய்ப் பார்த்தோம். அங்க இல்ல. ஊரு என்னென்னவோ பேசுதுங்க. எனக்கும் கோவம் இருந்துச்சு, இல்லேங்கல. ஆனா எங்களுக்கு அவரு ஒரு கொறையும் வெக்கலீங்க. திங்கக்கெழமையும் வியாழக்கெழமையும் வூட்டுக்கு வரப்போ சிரிச்சுக்கிட்டே வருவாரு. நான் ஏன்னு கேட்டதில்ல. சிரிக்கறாரேன்னு வுட்டுட்டேன்.”

“அன்னிக்கு மண்டியில என்ன நடந்ததுங்க?” என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

“படிச்சவரு ஒருத்தர் வருவாரு, வந்து எல்லாத்தையும் சொல்லுவாரு, அதுவரைக்கும் இருங்கன்னு சொன்னாருங்க. பத்து மணிக்குக் கூடுனவங்கள ரெண்டு மணி வரைக்கும் குந்த வெச்சாரு. ஒவ்வொரு பஸ்ஸு வரப்பவும் ரோட்டு வரைக்கும் ஓடிப் போய்ப் பார்த்துட்டு வந்தாரு. எங்கண்ணன் சிரிச்சுது. அந்த இன்னொரு ஆளு யாருடா, பேரச் சொல்லுடான்னு செருப்பக் கழட்டுச்சு. அப்பவும் சொல்லலீங்க. கடைசியா என்னையப் பார்த்துத்தான் சொன்னாரு. ‘அவங்க ஆத்தாளுக்குத் திடீர்னு ஒடம்பு முடியாமப் போயிருக்கும், சென்னி. இல்லாட்டி வந்திருப்பாரு. வராம இருக்கற ஆளில்ல’ன்னு.”

அந்தக் கூட்டத்துக்கு முந்தின நாள் அம்மா கையால் களி வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனவன் அவன். உமித் தலையோடு அவர் நடந்த நடையைக் கண்ணால் பார்த்தவன். சொம்பைக் கீழே வைத்தேன்.

“அந்த ஆளு நாந்தாங்க” என்றேன்.

சென்னம்மாள் எழுந்து நின்றாள். என்னை முழுசாக ஒருமுறை பார்த்தாள், செருப்பிலிருந்து கண்ணாடிவரை. மண்ணை வாரித் தூற்றுவாள், காறித் துப்புவாள் என்று காத்திருந்தேன். செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“உங்க ஆத்தாளுக்கு இப்பத் தேவலையாயிடுச்சுங்களா?” என்று கேட்டாள்.

கிண்டலாகக் கேட்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. புருஷன் சொன்னதை அவள் நம்பியிருந்தாள். எட்டு மாதமாக அதை மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தாள் என்று தெரிந்தது. என் அம்மாவுக்கு அந்த வருடம் ஒரு தலைவலிகூட வரவில்லை. அதைச் சொன்னால் அவளிடம் மிச்சம் என்ன இருக்கும்? அல்லது, எனக்கு என்ன மிச்சம் இருக்கும் என்றுதான் யோசித்தேனா? எதற்காகச் சொன்னேன் என்று இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“தேவலைங்க” என்றேன்.

“அவரப் பார்த்தீங்கன்னா அதச் சொல்லுங்க. கவலப்பட்டுக்கிட்டு இருப்பாரு” என்று சொல்லிவிட்டு, சென்னம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு பாதியில் விட்ட செடிக்குப் போனாள்.